சாயம் வெளுத்த முகம்

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுது. பங்கு இல்லத்தின் வாசலில் முதிய தாய் ஒருவர் நின்றிருந்தார். நனையாதபடி முந்தானையால் போர்த்தி அவர் கொண்டுவந்திருந்தது ஒரு நிழற்படச் சட்டம். படத்திலிருந்தவர் மறைந்த அவர் கணவர். நம் பங்கின் உபதேசியாராக நெடுங்காலம் உழைத்தவர். அவர் உயிரோடிருந்தபோது நாமே கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் அது. அவர் இறந்த முப்பதாம் நாளன்று, நம் அறையிலிருந்த சிறிய இங்க்ஜெட் அச்சுப்பொறியில் அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தோம்.

“சாமி, இவரு நெறம் மாறிக்கிட்டே வர்றாரே, என்னன்னு பாருங்க” என்றார் அந்தத் தாய்.

பார்த்தோம். கொடுத்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. முகம் செங்கல் நிறமாகியிருந்தது. தோளில் கிடந்த துண்டின் மடிப்புகள் தெரியவில்லை. அவர் வீட்டிலிருந்த ஒரே படம் அதுதான். ஆறுதலாக நாம் கொடுத்த ஒன்று, அவர் கண்முன்னே சிறிது சிறிதாக அழிந்துகொண்டிருந்தது.

பிறரை நோவதற்கில்லை. மலிவு கருதிக் கடைத்தெருவில் குப்பியில் விற்கும் மையை வாங்கி நிரப்பியவர் நாமே. மூலப்படம் நம் கணினியில் பத்திரமாக இருந்தது ஒன்றே ஆறுதல். மையைப் பற்றி அன்றுதான் படிக்கத் தொடங்கினோம்.

இங்க்ஜெட் மை இருவகைப்படும். சாய மை என்பது நீரில் முற்றிலும் கரைந்த நிறம். நிறமி மை என்பது நீரில் மிதக்கும் கரையாத நுண்துகள். சாயத்தை ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் எளிதில் சிதைக்கின்றன. நிறமி நெடுநாள் தாங்குகிறது. அதிலும் கறுப்பு நிறமியாகிய கரி, ஒளிக்கு எளிதில் மசிவதில்லை. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துகள் துலங்குவதற்காக நம் முன்னோர் விளக்குக் கரியைத் தடவினார்கள் அல்லவா? அந்தக் கரியின் உறவுதான் இது.

ஆயினும் கறுப்பு ஒன்று மட்டும் போதாது. கன்னத்தின் மெல்லிய நிழலுக்குச் சாம்பல் நிறம் வேண்டும். சாதாரண அச்சுப்பொறி அதைப் பெரும்பாலும் நீலம், செம்மை, மஞ்சள் ஆகிய மூன்றையும் கலந்தே உண்டாக்குகிறது. மூன்றில் நீலம் முந்தி வெளுத்தால் எஞ்சியவை மேலோங்கும். உபதேசியார் சிவந்துபோனதன் காரணம் இதுவே. இவ்வாறு கலந்த சாம்பல், குழல்விளக்கில் ஒரு சாயலும் பகல் வெளிச்சத்தில் வேறொரு சாயலும் காட்டுவதுண்டு.

இதற்கு மாற்று, கறுப்புடன் சாம்பலையும் இளஞ்சாம்பலையும் தனித்தனி மைகளாகக் கொண்ட பொறி. எப்சன் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இவ்வாறு மூன்று நிலைக் கறுப்பு கொண்ட நிறமி மைகளை வெளியிட்டது. அமெரிக்கரான ஜான் கோன் என்பவர், வண்ண மைகளையே அகற்றிவிட்டுப் பல அடர்த்திகளில் கறுப்பு மைகளை மட்டும் நிரப்பும் முறையை 2000ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்திருந்தார். தூய கரி சற்றே பழுப்புச் சாயல் காட்டும் என்பதையும் சொல்லவேண்டும்; சிலருக்கு அதுவே பிடிக்கும்.

தாளிலும் கவனம் வேண்டும். பளபளப்பான தாளுக்கு ஒரு கறுப்பு, மங்கலான தாளுக்கு வேறொரு கறுப்பு. மாற்றி இட்டால் ஒன்றில் கறுப்பு ஆழம் பெறாது, மற்றதில் விரல் பட்டாலே மை ஒட்டிக்கொள்ளும். வெண்மையூட்டும் இரசாயனம் சேராத பருத்தித் தாளே நெடுநாளைக்கு நல்லது.

இத்தகைய பொறியின் விலை நமக்கு எட்டுவதாக இல்லை. வாரம் ஒரு முறையேனும் அச்சிடாவிட்டால், மை வரும் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளவும் கூடும். ஊரில் நிழற்பட நிலையம் வைத்திருக்கும் அன்பர் ஒருவருடன் பங்கு சேர்ந்து, 13 அங்குல அகலத் தாள் ஏற்கும் நிறமிப் பொறி ஒன்றை வாங்கினோம். அது அவர் கடையிலேயே இருக்கிறது. ஓயாமல் ஓடுவதால் அடைப்பதில்லை.

இம்முறை அவசரப்படவில்லை. பழைய மையிலும் புதிய மையிலும் ஒவ்வொரு துண்டு அச்சிட்டு, பாதியை அட்டையால் மறைத்து, வெயில் விழும் சன்னலில் மூன்று மாதங்கள் ஒட்டிவைத்தோம். அட்டையை எடுத்தபோது, பழைய மையில் மறைத்த பாதிக்கும் மறைக்காத பாதிக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் வேறுபாடு தெரிந்தது. புதியதில் நம் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை.

அதன் பின்னரே புதிய படத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றோம். வெயில் படாத சுவராகப் பார்த்து ஆணி அடித்தோம். எந்த மையும் என்றென்றைக்கும் நிலைப்பதில்லை, அன்பர்களே; ஆனால் ஒருவர் கையில் நினைவாகக் கொடுப்பதை எதனால் செய்தோம் என்று அறிந்து கொடுப்பது நம் கடமை.

அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, “தோள்ல துண்டு இப்பத்தான் வெள்ளையாத் தெரியுது சாமி. நான் தொவைச்சுக் குடுத்தது” என்றார்.