650 ரூபாய் சித்தாள் கூலி: ஒரு டாக்டர் போட்ட கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு நட்புகளே. வீடு கட்டினவங்க, இப்போ கட்டிக்கிட்டு இருக்கறவங்க, இனிமே கட்டப் போறவங்க, மூணு பேரும் பொறுமையா படிங்க.

"கொத்தனார் கூலி ஆயிரத்தைத் தாண்டிடுச்சு சார். சித்தாளே அறுநூத்தம்பது கேக்குறாங்க. நாமெல்லாம் படிச்சு என்னத்தக் கண்டோம்?"

இந்த வசனத்தை வாரம் ஒரு தடவையாவது என் கிளினிக்கில் கேட்கிறேன். ஒளிக்காம சொல்றேன், ஏழு வருஷம் முன்னாடி வீடு கட்டும்போது நானும் இதையேதான் பேசினேன். அப்போ மேஸ்திரி சித்தாளுக்கு 450 கேட்டார். "பக்கத்துத் தெருவுல 400 தானே கொடுக்குறாங்க"ன்னு சொல்லி 400-க்கு முடிச்சேன். அதே மாசம் கிரானைட் கடையில் சதுர அடிக்கு 40 ரூபாய் கூடச் சொன்னாங்க. அங்க நான் வாயே திறக்கல.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

போன வருஷம் ஐப்பசி மாசம். 48 வயசு அக்கா ஒருத்தங்க வந்தாங்க. (பேர், ஊர் எதுவும் சொல்லப் போறதில்ல. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.) கால் ரெண்டும் வீங்கியிருந்தது. ஒரே அசதி, சாப்பாடு பிடிக்கல. சுகர் இல்ல. பிரஷர் மட்டும் கொஞ்சம் கூட. ரத்தம் எடுத்துப் பார்த்தா கிரியாட்டினின் 1.9. பெண்களுக்கு அது 1.1-க்குள்ள இருக்கணும். அவங்க வயசுக்குக் கணக்குப் போட்டா, ரெண்டு கிட்னியும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையில் மூணில் ஒரு பங்குதான் நடக்குது.

சுகர் இல்லாதவங்களுக்கு ஏன் இப்படின்னு பழைய நோட்டைப் புரட்டினேன்.

மூணு வருஷத்தில் 31 தடவை என்கிட்ட வந்திருக்காங்க. 31 தடவையும் என் கையெழுத்து. "இடுப்பு வலி. டைக்ளோபெனாக் ஊசி. ஐந்து நாள் மாத்திரை." தொழில்னு இருக்கற இடத்தில் ஒரே வார்த்தை: "கூலி". என்ன கூலி, எதைத் தூக்குறாங்க, எத்தனை மணி நேரம், ஒண்ணும் கேட்கல.

1700-ல் பெர்னார்டினோ ராமஸ்ஸினின்னு ஒரு இத்தாலிய டாக்டர், தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பத்தி தனியா ஒரு புத்தகமே எழுதினார். நோயாளிகிட்ட டாக்டர் கேட்கற கேள்விகளோட இன்னொண்ணையும் சேர்த்துக்கங்கன்னார்: "நீங்க என்ன வேலை செய்யறீங்க?" முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

அக்கா சிரிச்சாங்க.

"சித்தாளு வேலை தம்பி. ஒங்க வீட்டு மாடிக்குக் கல்லு ஏத்துனதே நாந்தான. மறந்துட்டீகளா?"

எனக்கு முகமே ஞாபகம் இல்ல.

அன்னைக்கு ராத்திரி, சனிக்கிழமை சம்பளம் போட்ட பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அவங்க பேர் இருந்தது. 74 நாள் வேலை. நான் குறைச்ச 50 ரூபாயை 74 ஆல் பெருக்கினால் 3,700 ரூபாய். ஒரு பெண்கிட்ட நான் மிச்சம் பிடிச்ச காசு.

அடுத்த தடவை வந்தப்போ உட்கார வெச்சு முழுசா கேட்டேன். அந்தக் கணக்கை அப்படியே உங்க முன்னாடி வெக்கிறேன்.

முதல் கணக்கு, எடை.

ஒரு சேம்பர் செங்கல் சுமார் மூணு கிலோ. தலையில் சும்மாடு வெச்சு, பலகையில் ஒன்பது கல் அடுக்கினா 27 கிலோ. அக்காவோட எடை 45 கிலோ. அதாவது உடம்பு எடையில் பாதிக்கு மேல தலையில். அதோட கைப்பிடி இல்லாத படியில் ஏறணும். மாடி வேலை நடக்கும்போது ஒரு நாளைக்கு அறுபது நடை. கிட்டத்தட்ட 1,600 கிலோ. இறங்கும்போது வெறுங்கையா வந்தாலும் முழங்கால் சும்மா இருக்காது, படி இறங்குறதும் அதுக்கு வேலைதான். நடுநடுவில் கலவைச் சட்டி தூக்கணும், மணல் சலிக்கணும், கட்டின சுவருக்குத் தண்ணி அடிக்கணும்.

நான் ஜிம்முக்குப் போறவங்களுக்குச் சொல்ற அறிவுரை என்ன தெரியுமா? "இன்னைக்குக் கால் பயிற்சி செஞ்சா நாளைக்கு ஓய்வு கொடுங்க." இவங்க ஓய்வு எடுத்தா அன்னைக்குக் கூலி இல்ல.

ரெண்டாவது கணக்கு, தண்ணி.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணிக்கா குடிப்பீங்க?"

"காலைல ஒரு சொம்பு. அப்புறம் சாயங்காலம் வீட்டுக்குப் போயித்தான். தண்ணி குடிச்சா ஒதுங்க எடம் வேணும்ல தம்பி? ஒங்க வீட்லயுந்தான் எடம் இல்ல."

மூணு அட்டாச்டு பாத்ரூம் வெச்ச வீடு அது. அதைக் கட்டின பெண்களுக்கு நாலு தகரம் வெச்சு ஒரு மறைப்பு போடணும்னு எனக்குத் தோணல. பத்துப் பேரும் அதுக்கு மேலயும் வேலை செய்யற கட்டடங்களில் குடிதண்ணியும் கழிப்பறையும் இருக்கணும்னு 1996-லேயே மத்திய சட்டம் சொல்லிடுச்சு. என் வீட்டில் ஏழு பேர்தான், அந்தச் சட்டத்துக்குள்ள வராது. ஆனா சிறுநீர்ப்பைக்கு ஆள் கணக்கெல்லாம் தெரியாது.

இப்போ மருத்துவம் கொஞ்சம்.

வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் குறையும்போது, கிட்னிக்குப் போற ரத்தம் குறையாம பார்த்துக்க புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருளை உடம்பு சுரக்கும். டைக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் வலியைக் குறைக்கறதே இந்தப் பொருளைத் தடுத்துத்தான். ஆக, நீர் வத்தின உடம்பில் வலி ஊசி போட்டா கிட்னிக்கு இருந்த ஒரு பாதுகாப்பும் போயிடும். எப்பவோ ஒரு தடவைன்னா பெரும்பாலும் சமாளிச்சுக்கும். வருஷக்கணக்கில்னா?

அக்காவுக்கு என்கிட்ட போட்ட ஊசி 31. அது போக மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கின மாத்திரைக்குக் கணக்கே இல்ல. "வேலைக்குப் போறப்ப ஒண்ணு, வந்து படுக்கறப்ப ஒண்ணு." கிட்னி கெட்டதுக்கு வலி மாத்திரை மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். வெயில், தண்ணி இல்லாதது, அடிக்கடி வந்த சிறுநீர்த் தொற்று எல்லாம் சேர்ந்திருக்கும். ஆனா அதில் என் பங்கு என்னன்னு அந்த நோட்டில் இருக்கு.

மூணாவது கணக்கு, காசு.

இப்போ அக்காவுக்குக் கூலி 650. அதை முப்பதால் பெருக்கி "மாசம் 19,500 வாங்குறாங்களே"ன்னு நாம நினைச்சுக்கறோம். அக்காகிட்ட போன வருஷம் எத்தனை நாள் வேலை கிடைச்சதுன்னு விரல் விட்டு எண்ணச் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடியிலும் மார்கழியிலும் புது வேலை யாரும் ஆரம்பிக்க மாட்டாங்க. கான்கிரீட் போட்டா சில நாள் சும்மா. வீட்டுக்காரருக்கு பேங்க் லோன் தவணை வரலைன்னா பல நாள் சும்மா. உடம்பு முடியாத நாள் வேற. எல்லாம் கழிச்சா 180 நாள்.

650-ஐ 180 ஆல் பெருக்குங்க. 1,17,000. பன்னிரண்டால் வகுத்தா மாசம் 9,750. வருஷத்தின் 365 நாளுக்கும் பிரிச்சா ஒரு நாளைக்கு 320 ரூபாய். சாப்பாடும் வாடகையும் 365 நாளுக்கும்தான் வேணும்.

இதில் எனக்கு வந்தது எவ்வளவு? ஃபீஸ், ஊசி, மாத்திரை சேர்த்து தடவைக்கு 200 ரூபாய். 31 தடவைக்கு 6,200. கிட்டத்தட்ட பத்து நாள் கூலி. கல் தூக்கி வந்த வலிக்கு, கல் தூக்கின காசையே கொடுத்து, மறுபடி கல் தூக்கப் போயிருக்காங்க.

இன்னொண்ணும் கவனிங்க. அக்கா 20 வயசில் சித்தாளா சேர்ந்தாங்க. அதே வருஷம் கையாளா சேர்ந்த பையன் நாலஞ்சு வருஷத்தில் கரண்டி பிடிச்சு கொத்தனார் ஆயிட்டார். இப்போ மேஸ்திரி. அக்கா 28 வருஷம் கழிச்சும் சித்தாள். தூக்குக்குண்டு பார்க்கவும் ரசமட்டம் பிடிக்கவும் அவங்களுக்குத் தெரியும், "பாத்துப் பாத்தே பழகிருச்சு"ங்கறாங்க. ஆனா கையில் கரண்டியை யாரும் கொடுக்கல. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலின்னு 1976-லேயே சட்டம் வந்தாச்சு. அதுக்குத்தான் வேலையையே ரெண்டா பிரிச்சு வெச்சிருக்கோம். ஆம்பளை செஞ்சா அதுக்கு ஒரு பேர், பொம்பளை செஞ்சா சித்தாள்.

கொத்தனாருக்கு மட்டும் சொகுசான்னா, அதுவும் இல்ல. ஒரு நாளைக்கு ஐந்நூறு கல் வெச்சா ஒன்றரை டன், அதுவும் ஒத்தைக் கையால். நாற்பது வயசுக்குள்ள தோள்பட்டை தூக்க முடியாம வர்றவங்களைப் பார்த்திருக்கேன். ஈர சிமெண்ட் கடுமையான காரம், தோலை அரிச்சுப் புண்ணாக்கும். அதில் இருக்கற குரோமியம் சிலருக்கு ஒவ்வாமை ஆயிடும். ஒரு தடவை ஆயிட்டா, அப்புறம் சிமெண்டைத் தொட்டாலே கை வெடிச்சு நீர் வடியும். டைல்ஸ், கிரானைட்டைத் தண்ணி ஊத்தாம அறுக்கறவங்களுக்கு அந்தத் தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வரலாம். அதோட காசநோய் வர்ற வாய்ப்பும் கூடும்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயம்.

நம்ம மாநிலத்தில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கு. 1982 சட்டத்தின் கீழ் 1994-ல் அமைச்சது. நல்ல விஷயம். அதில் பதிவு செஞ்சவங்களுக்கு 60 வயசில் ஓய்வூதியம் உண்டு. ஆனா அக்காவோட உடம்பு 48-லயே ஓய்வு கேட்டுடுச்சு. இனிமே தலையில் சுமை வெக்க முடியாது. மீதி 12 வருஷம்?

அலுவலகத்தில் வேலை பார்க்கறவங்களுக்கு 48 வயசில்தான் சம்பளம் உச்சத்தில் இருக்கும். இவங்களுக்கு அந்த வயசில் கூலி நின்னு போகுது. அப்போ 20 வயசில் வாங்கற கூலியிலயே இந்த 12 வருஷத்துக்கும் சேர்த்து இருந்திருக்கணும் இல்லையா? "சித்தாளுக்கே அறுநூத்தம்பதா"ன்னு கேட்கும்போது அந்த வருஷங்களை நாம கணக்கில் சேர்க்கறதே இல்ல.

சரி, என்ன செய்யலாம்?

வீடு கட்டறவங்களுக்கு: முதல் நாளே ஒரு தற்காலிகக் கழிப்பறை போடுங்க. பெரிய செலவில்ல. நிழலில் ஒரு குடம் நல்ல தண்ணி வைங்க. சித்திரை, வைகாசியில் காலையில் ஏழு மணிக்கு ஆரம்பிச்சு, பன்னிரண்டுக்கு மேல மூணு மணி வரைக்கும் வெயில் வேலையை நிறுத்தச் சொல்லுங்க. மாடிக்குக் கல் ஏத்த கப்பியோ லிஃப்டோ வாடகைக்குக் கேளுங்க. ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்க. பிளான் அப்ரூவலுக்குப் பணம் கட்டும்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலத்துக்குன்னு கட்டறீங்க. அது போய்ச் சேர வேண்டியவங்க உங்க வீட்டிலயே வேலை செய்யறாங்க. "வாரியத்துல பதிஞ்சிருக்கீங்களா?"ன்னு கேளுங்க. இல்லைன்னா, ஒரு நாள் கூலியோட லீவு கொடுத்துப் பதிய அனுப்புங்க.

வேலைக்குப் போற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்: வலி ஊசியைப் பழக்கமாக்காதீங்க. கால் வீக்கம், நுரைச்ச சிறுநீர், காரணமில்லாத அசதி இருந்தா அரசு மருத்துவமனையில் கிரியாட்டினின் பாருங்க. ஏற்கெனவே கிட்னிக் கோளாறு இருந்தா டாக்டரைக் கேக்காம எந்த வலி மாத்திரையும் வேண்டாம். சிமெண்ட் பட்ட இடத்தை உடனே நிறைய தண்ணியில் கழுவுங்க, சாயங்காலம் வரைக்கும் வெக்காதீங்க.

என்னை மாதிரி டாக்டர்களுக்கு: "கூலி"ன்னு எழுதிட்டு நிறுத்தாதீங்க. என்ன வேலைன்னு கேளுங்க.

அக்கா இப்போ கிட்னி டாக்டர்கிட்ட காட்டறாங்க. வலி மாத்திரையை நிறுத்தியாச்சு. மூணு மாசத்தில் கிரியாட்டினின் 1.7. அதுக்கு மேல இறங்கல, ஏறவும் இல்ல. இப்போதைக்கு அதுவே பெரிய விஷயம். நூறு நாள் வேலைக்குப் போறாங்க. வாரியத்தில் 28 வருஷமா பதியவே இல்ல. அதைப் பத்தி யாரும் சொல்லலயாம். அந்தப் படிவத்தை இப்போ சேர்ந்து நிரப்பிக்கிட்டு இருக்கோம்.

அந்த 3,700 ரூபாயை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். அக்கா வாங்கல.

"அத விடுங்க தம்பி. எதுத்த தெருவுல புதுசா ஒரு வீடு ஆரம்பிச்சிருக்காக. எம் மக அங்கதான் சித்தாளா போறா. அவுகளக் கூப்பிட்டு ஒரு கக்கூஸ் மட்டும் கட்டச் சொல்லுங்க."

சொன்னேன். கட்டிட்டாங்க.

உங்க தெருவில் எங்கயாவது கட்டட வேலை நடந்துச்சுன்னா நீங்களும் சொல்லுங்க.