மணவாளக்குறிச்சி மணல்

நாகர்கோவிலிலிருந்து குளச்சல் செல்லும் பேருந்தில் ஏறி, மணவாளக்குறிச்சிக்குச் சீட்டுக் கேட்டோம். கண்டக்டர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "மண்டைக்காட்டுக்குத்தானே?" என்றார். வெளியூர்க்காரர்கள் அந்த வழியில் போவது பெரும்பாலும் பகவதி அம்மன் தரிசனத்துக்குத்தான். அதற்கு முன்னாலேயே இறங்கி, மணலைப் பார்ப்பதற்கென்று ஒரு கோஷ்டி வந்திருப்பது அவருக்கு விசித்திரமாய்ப் பட்டிருக்க வேண்டும். "மணலுக்கா இவ்வளவு தூரம்?" என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மணல் சாமான்யமானதல்ல என்பதைக் கடற்கரையில் கால் வைத்ததுமே கண்டுகொள்ளலாம். வெளுத்த மணற்பரப்பின் மேல், மைக்கூட்டைக் கவிழ்த்தாற்போல் கறுப்புக் கறுப்பாய்ப் பட்டைகள் ஓடுகின்றன. உச்சிவெயிலில் அதன்மேல் நடந்தால் உள்ளங்கால் வெந்துபோகும். ஒரு பிடி அள்ளினால், கை எதிர்பார்த்ததைவிட அதிகமாய்க் கனக்கிறது. கறுப்பாய் இருப்பது இல்மனைட். குங்குமச் சிவப்பாய் மின்னுவது கார்னெட். இவற்றின் நடுவே, தேன் நிறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில பொடி மணிகள். நாம் தேடி வந்தது அவற்றைத்தான். அவற்றுக்கு மோனஸைட் என்று பெயர்.

இவை இங்கே வந்து சேர்ந்த வரலாறு நம் வீட்டுப் பெண்களுக்கு எளிதில் விளங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் யுகயுகமாய் வெயிலிலும் மழையிலும் கரைந்து பொடியாகின்றன. வள்ளியாறு போன்ற சிற்றாறுகள் அந்தப் பொடியைக் கடலில் கொண்டு சேர்க்கின்றன. கடல் அதை முறத்திலிட்டுக் கொழிக்கிறது. இலேசான வெண்மணலை அலை திரும்ப இழுத்துக்கொண்டு போய்விடும். கனமான மணிகள் கரையிலேயே தங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்த வேலை மும்முரமாய் நடக்கிறது.

தேன்நிற மணிக்குள் இருப்பது தோரியம் என்னும் உலோகம். அதன் அணு ஒன்றைக் கோவிலின் வெளிப்பிராகாரம் அளவுக்குப் பெருக்கிப் பார்க்க முடிந்தால், நடுவே கடுகளவில் ஒரு கரு தென்படும். அணுவின் கனம் ஏறக்குறைய முழுவதும் அந்தக் கடுகுக்குள்தான். அதில் 90 புரோட்டான்களும் 142 நியூட்ரான்களும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. புரோட்டான்கள் ஒன்றையொன்று பிடிக்காத பங்காளிகள். சதா தள்ளிக்கொண்டே இருக்கும். மிக அருகில் மட்டும் வேலை செய்கிற வேறொரு பலமான விசை அவற்றைக் கட்டி வைத்திருக்கிறது. கூட்டம் பெருத்துவிட்டால் அந்தக் கட்டு சிறிது தளர்ந்துபோகிறது. அப்போது இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் ஒரு பொட்டலமாய் வெளியே பாய்கின்றன. ஆல்பா கதிர் என்பது இதுவே. எஞ்சியது தோரியமல்ல, ரேடியம். அதுவும் நிலைப்பதில்லை, பீட்டா என்னும் எலக்ட்ரானை உமிழ்ந்து வேறொன்றாகிறது. இப்படி ஆறு ஆல்பாக்களையும் நான்கு பீட்டாக்களையும் இழந்து, கடைசியில் ஈயமாய் அமைதி அடைகிறது. வழியில் சில இடங்களில் காமா என்னும் ஊடுருவும் ஒளியும் வெளிப்படும். தோரியத்துக்கு இந்தக் குணம் உண்டென்று 1898இல் ஜெர்மனியில் ஷ்மிட் என்பவரும், பாரிஸில் மேரி கியூரி அம்மையாரும் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

ஒரு கிராம் தோரியத்தில் வினாடிக்குச் சுமார் 4,000 கருக்கள் இவ்வாறு உடைகின்றன. அப்படியானால் சீக்கிரமே தீர்ந்துபோகாதோ என்று தோன்றும். தீராது. இருப்பதில் பாதி குறைவதற்கே சுமார் 1,400 கோடி வருஷம் ஆகும். பூமி பிறந்தபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் செலவாகாமல் இருக்கிறது.

இவ்வளவும் இந்தக் கரையில் கேட்பாரற்றுக் கிடந்தது. 1909இல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரஸாயனி மோனஸைட்டைக் கண்டார். கயிற்றை வாங்கியவன் மணலை உதறி எறியாமல் உற்றுப் பார்த்தான். விற்ற நாம் பார்க்கவில்லை. அடுத்த ஓரிரு வருஷங்களில் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுக்கும் ஆலை எழுந்தது. அக்காலத்தில் தோரியத்துக்கு ஒரே பெரிய உபயோகம், காஸ் விளக்கில் மாட்டும் வலைதான். நம் ஊர்க் கல்யாண ஊர்வலங்களில் தலைமேல் சுமந்து சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை வெளிச்சம் அந்த வலையிலிருந்து வந்ததே. மூட்டை மூட்டையாய் மணல் கப்பலேறிப் போயிற்று. வலையை நாம் கடையில் காசு கொடுத்து வாங்கினோம். பஞ்சைக் கொடுத்துத் துணி வாங்கிய கதைக்கு இது தம்பி.

1945இல் அணுகுண்டு வெடித்த பிறகு மணலின் மதிப்பே வேறாயிற்று. 1947இல் தனி நாடாக இருக்கப்போவதாகத் திருவிதாங்கூர் திவான் சர். சி. பி. ராமஸ்வாமி அய்யர் அறிவித்தபோது, இந்த மோனஸைட்டும் அவர் கணக்கில் இருந்தது. அந்த எண்ணம் நிறைவேறவில்லை. 1948இல் அணுசக்திச் சட்டம் வந்தது. 1950இல் மணல் தொழிலுக்கென்றே சர்க்கார் நிறுவனம் ஒன்று அமைந்தது. 1956இல் இந்தக் கரை தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

படகு நிழலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மைக் கவனித்துக்கொண்டே இருந்தார். அருகில் போய் அமர்ந்தோம்.

"மக்களே, நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்கட்டா? இந்த மண்ணு விஷமா, பொன்னா? எடுக்க வாறவன் பொன்னுங்கான். பேரப்பிள்ளை விஷம்ங்கான். நான் பெறந்ததும் இதுலதான், கெடக்கதும் இதுலதான்."

தெரிந்ததைச் சொன்னோம். "பெரியவரே, ஆல்பா கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும், தோலைத் தாண்டாது. காமா உடம்புக்குள் புகும். ஆகையால் இந்தக் கரையில் மற்ற ஊர்களைவிடக் கதிர் அதிகம் என்பது மெய். இதே மாதிரி மணலுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல வருஷம் கவனித்தார்கள். அதிகக் கதிர் படும் இடங்களில் புற்றுநோய் அதிகமென்று தெரியவில்லை என 2009இல் எழுதினார்கள். ஆனால் கரையில் பரவிக் கிடக்கும் மணல் வேறு. பிரித்துக் குவித்த மோனஸைட் வேறு. அதன் தூசியையும், அதிலிருந்து கசியும் தோரான் என்னும் வாயுவையும் மூச்சில் இழுக்கக் கூடாது. அப்போது ஆல்பாவைத் தடுக்கத் தோல் இல்லை."

அவர் ஊசியை நிறுத்திவிட்டு யோசித்தார். 2024இல் கிள்ளியூர் வட்டாரத்தில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரை மக்கள் திரண்டு எதிர்த்தது நம் நினைவுக்கு வந்தது. அவர் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். அளந்த கணக்கை அவர்கள் பாஷையில், அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதற்கு ஆள் போதாது என்பதே நம் அபிப்பிராயம்.

"பொன்னு எப்பம் ஆகும்?" என்றார் திடீரென்று.

அதையும் ஒளிக்காமல் சொன்னோம். தோரியம் தானாகவே எரிபொருள் ஆகாது. அதன் கரு ஒரு நியூட்ரானை விழுங்கி, யுரேனியம் 233 ஆக மாற வேண்டும். அந்த யுரேனியத்தைக் கொண்டு இயங்கும் காமினி என்ற சிறு உலை கல்பாக்கத்தில் 1996இல் உயிர் பெற்றது. அதன் சக்தி 30 கிலோவாட். அதுவும் ஆராய்ச்சிக்கே, வீட்டு விளக்குக்கன்று.

"மண்ணு தீந்து போவுமா?"

"பாதி தீரவே 1,400 கோடி வருஷம்."

கிழவர் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தார். "அப்பம் இந்த வலையைத் தச்சு முடிச்சிரலாம்" என்று மறுபடியும் ஊசியை எடுத்துக்கொண்டார்.

பேருந்து வருவதற்குள் துண்டை இரண்டு தடவை உதறினோம். ஆயினும், ஊர் வந்து சேர்ந்து துவைக்கப் போட்டபோது, கரைமடிப்பில் கறுப்பாய்ச் சில மணிகளும், தேன் நிறத்தில் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன.