உறுமினால் நல்லது

நாய் வளர்க்கிற வீட்டில் நாய்க்குப் பயந்த ஆள் ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் அது நான். ஏழெட்டு வயதில், மதுரையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருநாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி மருந்தை ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுத்தார்கள். தொப்புளைச் சுற்றி வயிற்றில் போடுவார்கள். 2004 கடைசியில்தான் இந்தியாவில் அந்த மருந்துத் தயாரிப்பு நின்றது. என் வயதுக்காரர்களிடம் ‘பதினாலு ஊசி’ என்றால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டாம். காலில் இருந்த தழும்பு மங்கிவிட்டது. வயிறு மட்டும் மறக்கவில்லை.

இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. மகள் நாய்க்குட்டி கேட்டு அடம்பிடித்தபோது, ‘யார் அள்ளிக் கொட்டுவது’, ‘வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வது’ என்று இல்லாத காரணமெல்லாம் சொன்னேன். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். வாங்குவதென்று ஆனபின் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறு எந்த நாயும் கண்ணில் படாது. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக ராஜபாளையம்தான் வேண்டும். 2005 இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று அதற்கு. அம்மா வைத்த பெயர் வெள்ளையன்.

விற்றவர் குட்டியைக் கையில் கொடுக்கும்போது சொன்னார்: “நாப்பது நாள் ஆச்சுண்ணே. இப்பவே கொண்டுபோனாத்தான் உங்ககூட ஒட்டும்.” நம் ஊரில் பலரும் நம்புவது இதுதான். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனைக்கான 2017 ஆம் ஆண்டு விதிகள் சொல்வது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம். மகள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த இரண்டு வாரத்தில் என்ன இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. கூடப்பிறந்த குட்டிகள் உருண்டு புரளும்போது ஒன்றையொன்று கடிக்கும். பலமாகக் கடிபட்டது வீலென்று கத்திவிட்டு ஆட்டத்தை விட்டு விலகிவிடும். கடித்ததற்கு ஆட்டம் போச்சு. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற கணக்கை நாய்க்குட்டி இப்படித்தான் படிக்கிறது. சீக்கிரமே தாயை விட்டுப் பிரிந்த குட்டி அதே பாடத்தை நம் விரல்களில் படிக்கும். பால்பல் இருபத்தெட்டும் ஊசி முனைகள்.

முதல் வாரங்களின் கூத்து எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அம்மா கோலம் போட்டு நிமிர்வதற்குள் அதன்மேல் நான்கு கால் தடம். புடவைத் தலைப்பைக் கண்டால் விடாது. அம்மா இழுக்க இழுக்க அதுவும் இழுக்கும். அதற்கு அது விளையாட்டு. இழுக்காமல் மரம்போல நின்றால் சலித்துப்போய் விட்டுவிடும் என்பதை அம்மாவே கண்டுபிடித்தாள். சிறுநீர் விஷயத்தில் திட்டுவதால் ஒன்றும் நடக்கவில்லை. தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், ஆடி ஓய்ந்ததும் தூக்கிக்கொண்டு வாசல் வேப்பமரத்தடிக்கு ஓடினோம், போனதும் தட்டிக்கொடுத்தோம். அது படிந்துவிட்டது.

படியாதது உறுமல்.

முதல் தடவை சோற்றுத் தட்டில். கோழிக் கழுத்து வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து வைத்திருந்தோம். தட்டு சுவரோரம் போய்விட்டதென்று இந்தப் பக்கம் நகர்த்தக் குனிந்தேன். வாய் மெல்லுவதை நிறுத்தியது. தலை தட்டுக்குள் இன்னும் தாழ்ந்தது. முதுகு விறைத்தது. முகம் திரும்பாமல் கண் மட்டும் என் பக்கம் உருண்டு, ஓரத்தில் வெள்ளை விழி பிறைபோலத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற குட்டியிடமிருந்து அப்படி ஒரு சத்தமா என்று எனக்குக் கை நடுங்கியது.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. மாமனாருக்குப் பெருமை பிடிபடவில்லை. “ராஜபாளையம்னா சும்மாவா மாப்ள? இப்பவே காவல் புத்தி பாருங்க.” அலுவலக நண்பர் நேர் எதிர். “இப்பவே அடக்கிரு. வீட்டுக்கு யாரு பெரியவன்னு அதுக்குத் தெரியணும். பேப்பரைச் சுருட்டி மூக்குல ஒண்ணு வை.” மாமனார் சொன்னதைக் கேட்டிருந்தால் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு நண்பர் சொன்னதுதான் பிடித்தது. காரணம் இப்போது தெரிகிறது. அந்தச் சத்தம் என் காதில் விழக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு நான் ‘பழக்குவது’ என்று பேர் வைத்துக்கொண்டேன்.

நாளிதழைச் சுருட்டி மூக்கில் தட்டினேன். பலமாக இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் தவறாமல். சில நாட்களில் உறுமல் நின்றது. தட்டருகே போனால் குட்டி அப்படியே உறைந்து நிற்கும், சத்தமே வராது. வந்து பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் என் செருப்பை வாயில் வைத்திருந்ததைப் பிடுங்கப் போனேன். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. நேராகக் கடி. ஆட்காட்டி விரலில் இரண்டு ரத்தப் பொட்டு. கேட்டும் போடாமல் மணியும் அடிக்காமல் லெவல் கிராசிங்கில் ரயில் வந்ததுபோல இருந்தது.

குட்டிதானே என்று விட்டுவிட முடியாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதம் ஆனபிறகுதான் போடுவார்கள். அதற்கு முன்னால் அது கடித்தாலோ பல் பட்டு ரத்தம் வந்தாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இப்போது வயிற்றில் போடுவதில்லை, கையில்தான். கடித்த அன்று, பிறகு 3, 7, 28 ஆம் நாட்கள் என்று கணக்கு. சீட்டு வாங்க வரிசையில் நின்றபோது எனக்கு வியர்த்தது. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னங்க, ஊசிக்கா இப்படி?” என்றாள். அங்கேதான், அந்த வரிசையில் நின்றபடியே, பழைய கதையை அவளிடம் சொன்னேன்.

குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். டாக்டரம்மா முதலில் அதன் குணத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காதை மடித்து உள்ளே விளக்கடித்தார். காதுக்குள் காபித்தூள் மாதிரி கறுப்பாகப் படிந்திருந்தது. காதுப்பூச்சி. தூக்கும்போதெல்லாம் அது சிணுங்கியதற்கும் உறுமியதற்கும் பாதிக் காரணம் அங்கே இருந்தது. “வலி இருக்கான்னு பாத்துட்டுத்தான் சார் குணத்தைப் பேசணும்” என்றார். நான் செய்தித்தாள் வைத்தியத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்க உறுமுறதை நிறுத்துனீங்க. அதுக்குப் பிடிக்காததை நிறுத்தலையே” என்றார்.

நாய்க்கு நம்மிடம் ‘வராதே’ என்று சொல்ல இருக்கிற வழிகள் குறைவு. முதலில் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், விறைக்கும். நாம் கவனிக்கவில்லையென்றால் உறுமும். அதையும் கேட்கவில்லையென்றால் மிச்சம் பல்தான். நடுவில் உள்ள படியை நான் உடைத்து எடுத்துவிட்டேன். பயம் அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் போயிற்று.

‘யார் பெரியவன்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குப் பூங்காவில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து 1947 இல் ருடால்ஃப் ஷென்கல் எழுதிய ஆய்வு ஒரு முக்கிய வேர். அடைபட்ட இடத்தில் அவை ஒன்றையொன்று அடக்கப் பார்த்தன. அந்தக் கருத்தை 1970 இல் தன் புத்தகத்தின் மூலம் பரப்பிய டேவிட் மெக் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளரே, 1999 இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா அம்மாவும் அவற்றின் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம். நாற்காலிச் சண்டை அங்கே இல்லை என்றார். ஆனால் பழைய கருத்து அதற்குள் மதுரை வரைக்கும் வந்துவிட்டது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் கண்ணில் பட்டது. நடத்தைக் கோளாறு என்று தங்களிடம் நாயைக் கொண்டுவந்த 140 பேரிடம், வீட்டில் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் திருப்பிச் சீறியிருக்கிறது. வாயில் இருந்ததைப் பலவந்தமாகப் பிடுங்கியவர்களில் 39 சதவீதம். செருப்புக்காக என் விரலில் விழுந்த கடிக்கு அங்கேயும் கூட்டாளிகள் இருந்தார்கள்.

காதுக்குச் சொட்டு மருந்து ஒரு பக்கம் நடக்க, டாக்டரம்மா சொன்னபடி தட்டுப் பாடத்தைப் புதிதாகத் தொடங்கினோம். தட்டை யாரும் தொடக் கூடாது. அதுதான் முதல் விதி. அது தின்னும்போது நான் அறைக்கு அந்தக் கோடியிலிருந்து வந்து, அவித்த ஈரல் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும். நிற்கக் கூடாது, கொஞ்சக் கூடாது. உடம்பு தளர்வாக இருந்தால் மறுநாள் ஓரடி கிட்டே. விறைத்தால் ஓரடி பின்னால். அவ்வளவுதான் வித்தை. என்னைவிட மகளுக்கு இதில் பொறுமை அதிகம். ஆனால் பிள்ளைகள் தனியாகச் செய்யக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் நான் எறிவேன், அவள் வாசற்படியில் உட்கார்ந்து, “அப்பா, வாலு ஆடலை, பின்னால வாங்க” என்று எனக்குச் சொல்லுவாள்.

ஒரு கட்டத்தில், என் காலடிச் சத்தம் கேட்டதும் வெள்ளையன் தட்டிலிருந்து தானாகவே தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தது. ஆள் வந்தால் சோறு போகாது, ஈரல் வரும் என்று அதற்குப் புரிந்துவிட்டது. செருப்புக்கும் அதே ஏற்பாடு. பிடுங்குவதில்லை, பண்டமாற்று. முட்டைத் துண்டை நீட்டி, வாய் திறக்கும் நேரத்தில் ‘விடு’ என்று சொல்லி, செருப்பை எடுத்துக்கொள்வோம். முடிந்தபோது அதைத் திருப்பியும் கொடுத்தோம். கொடுத்தது திரும்பி வரும் என்று தெரிந்த நாய்க்குப் பதுக்கத் தோன்றாது.

சாயங்காலமானால் வெறிபிடித்தாற்போல ஓடி எல்லார் காலையும் கவ்வுவதற்கு மருந்து தூக்கம்தான். நாய்க்குட்டிக்கு ஒரு நாளில் பதினெட்டிலிருந்து இருபது மணி நேரம் தூக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் டிவி சீரியலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுமாக அதைத் தூங்கவே விடவில்லை. மாடிப்படிக்குக் கீழே சாக்கு விரித்து, அங்கே படுத்திருக்கும்போது யாரும் தொடக் கூடாதென்று வைத்தோம். எழுப்ப வேண்டுமென்றால் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அம்மாகூடக் கேட்டுக்கொண்டாள்.

எல்லா உறுமலும் ஒன்றில்லை என்பதும் மெல்லப் பிடிபட்டது. கயிறு இழுத்து ஆடும்போதும் வெள்ளையன் உறுமும். அப்போது முன்னங்கால்கள் தரையோடு தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி, உடம்பு முழுக்க ஆடும். தட்டருகே வந்த அந்த விறைப்பு அதில் இருக்காது. காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்டபிறகு எனக்கும் கை நடுக்கம் குறைந்தது.

உறுமல் திரும்பி வந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. பெரிய நாயாகி, காலில் முள் ஏறிய ஒருநாள் பாதத்தைப் பிடித்தபோது தாழ்வாக ஒரு சத்தம் கொடுத்தது. கையை எடுத்துவிட்டேன். டாக்டரம்மா வாய்க்கட்டுப் போட்டு முள்ளை எடுத்தார். யாருக்கும் கடி விழவில்லை. மாமனார் மட்டும், “இவ்வளவு செல்லம் குடுத்தா காவல் காக்குமா மாப்ள?” என்று இன்னமும் கேட்கிறார். கேட்டை யார் தட்டினாலும் அது குரைக்கிற குரைப்பில் அவருக்கே பதில் இருக்கிறது.

தெருவில் யாராவது குட்டி வாங்கப் போகிறோம் என்று வந்தால் என்ன ஜாதி, என்ன விலை என்று நான் கேட்பதில்லை. எத்தனை வாரம் ஆகிறது என்றுதான் கேட்கிறேன். நாற்பது நாள் என்றால், முன்பணம் கொடுத்துவிட்டு எட்டு வாரம் முடியும்வரை தாயிடமே விட்டுவையுங்கள் என்கிறேன். விற்பவர் முகம் சுளிப்பார்; அந்த இரண்டு வாரத் தீனிச் செலவையும் நாமே கொடுத்துவிடுகிறோம் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.