இரும்பு பீரோவும் காற்று வழியும்

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை மாலை அரூரில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய தங்கை மகள், வழக்கம்போல் “எப்ப வந்தீங்க மாமா?” என்று கேட்காமல் நேரே உள்ளே போய்விட்டாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு சிறு பள்ளியில் அவள் ஆசிரியை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தமிழக அரசு 2024-ஆம் ஆண்டில் கைக்கணினி வழங்கத் தொடங்கியது வாசகர்கள் அறிந்ததே. ‘டேப்’ என்று செல்லமாகச் சொல்கிறார்கள். அந்தச் சிலேட்டிலிருந்து பிள்ளைகளின் விவரங்கள் ‘வைஃபை’ வழியாகப் போய்ச் சேர வேண்டும். பத்து நாளாகப் போகவில்லை. “என் டேப் வேலை செய்கிறது, உங்களுடையது மட்டும் ஏன் செய்யவில்லை? வேலையில் அசிரத்தை! எழுத்து மூலம் விளக்கம் கொடுங்கள்” என்றாராம் தலைமையாசிரியர்.

அவளோ இரவெல்லாம் கண் விழித்து, தன் செல்போன் இணைப்பை டேப்புக்குக் கொடுத்து, அன்றன்றைய வேலையை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“அப்படியானால் டேப் மேல் குற்றமில்லையே, கண்ணு!” என்றேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இயந்திரம் தெரியாது; ஆனால் துப்பறியும் ஆசை உண்டு.

மறுநாள் அவளோடு போனேன். டேப்பை அணைத்து ஏற்றினோம். பழைய இணைப்பை நீக்கிக் கடவுச்சொல்லைப் புதிதாகப் போட்டோம். வகுப்பறையில் விசிறிக் குறி ஒரே கோட்டோடு சோகையாகத் தெரிந்தது. நடந்துகொண்டே பார்த்தோம். தலைமையாசிரியர் மேஜையருகே போனதும் இரண்டு கோடு! பிள்ளைகளை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார முடியுமா?

“வைஃபை பெட்டி எங்கே, ஐயா?” என்றேன்.

“பத்திரமாக இருக்கிறது” என்று எழுந்து, இடுப்புச் சாவியால் மேஜைக்குப் பின்னாலிருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். உள்ளே, பழைய வருகைப் பதிவேடுகளுக்கு நடுவே, பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது பெட்டி! “குரங்குத் தொல்லை, திருட்டுப் பயம். காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதரின் பயமும் நியாயமானதுதான். ஆனால் ரேடியோ அலையைச் செங்கல் சுவர் கொஞ்சம் தளர்த்தும்; இரும்புத் தகடோ திருப்பியே அனுப்பிவிடும். இடுக்குகளில் கசிந்த அலை அவர் மேஜைவரை வந்து நின்றுவிட்டது.

பெட்டியை ஜன்னல் கம்பிக்குள், உயரமான பலகையில் வைத்தோம். அதில் 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. முன்னது வேகக்காரன், பின்னவன் சுவர் தாண்டுவதில் கெட்டிக்காரன். டேப்பைப் பின்னவனோடு சேர்த்தோம். விவரங்கள் மளமளவென்று போயின.

தலைமையாசிரியர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “விளக்கம் வேண்டாம் அம்மா” என்றார்.

இதே மாவட்டத்தில் கோட்டூர் மலைக்கு 2024 தேர்தலின்போதும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில்தான் ஏறின. அங்கே அப்போது பாதை இல்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அதனால் தாமதமானால் யாரும் கழுதையைக் கோபித்துக்கொள்வதில்லை. காற்றில் போகும் பாதை அடைபட்டால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிவது அதன் இந்த முனையில் நிற்கும் மனிதர் மட்டுமே. விளக்கம் கேட்பதற்கு முன்னால் பீரோவை ஒருதரம் திறந்து பார்ப்பது நல்லது.