வீடு நகரவில்லை, தொகுதி நகர்ந்தது

2004 பாராளுமன்றத் தேர்தலில் நான் தென் சென்னை வாக்காளன். 2009-ல் ஸ்ரீபெரும்புதூர் வாக்காளன். நடுவில் வீடு மாறவில்லை. இரும்புலியூரில் அதே தெரு, அதே கதவு எண்தான். மாறியது கோடு. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வரைந்த எல்லை 2008-ல் நடைமுறைக்கு வந்தபோது தாம்பரமும் ஆலந்தூரும் ஸ்ரீபெரும்புதூரோடு சேர்ந்தன. அதுவரை தனித்தொகுதியாக இருந்த அது பொதுத்தொகுதி ஆயிற்று.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் எம்.பி.யும் கூடவே வந்துவிட்டார்! தென் சென்னையில் 1996 முதல் 2004 வரை நான்கு முறை ஜெயித்த டி.ஆர். பாலு, 2009-ல் ஸ்ரீபெரும்புதூரில் நின்று ஜெயித்தார். 2014-ல் அ.தி.மு.க.வின் கே.என். ராமச்சந்திரன். 2019-லும் 2024-லும் மறுபடி பாலு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தொகுதிக்கு அந்த மொழியில் ‘சிர்கோன்ஸ்க்ரிப்ஸியோன்’ என்பார்கள். வேர்ச்சொல்லைப் பார்த்தால், சுற்றிக் கோடு போடுவது என்று பொருள். தமிழில் ‘தொகுதி’ என்கிறோம், அதாவது தொகுத்து வைத்தது. ஒரு சொல் கோட்டைப் பார்க்கிறது, மற்றது உள்ளே இருக்கும் ஆட்களைப் பார்க்கிறது. புதுச்சேரி தொகுதியில் கேரளக் கரையிலுள்ள மாஹேயும் உண்டு, ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமும் உண்டு. அதனால் வரைபடம் கோணலாக இருப்பது எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் தொகுதியே இரும்புலியூரில் புறப்படும் பைபாஸ் ரோட்டோடு மதுரவாயல், அம்பத்தூர் என்று நீண்டுகொண்டே போகிறது. இருக்கட்டும். கோட்டுக்குள் எத்தனை பேர் என்பதுதான் என் கேள்வி.

2024 தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரில் சுமார் 23.8 லட்சம் வாக்காளர்கள். தமிழ்நாட்டிலேயே அதிகம். குறைவு நாகப்பட்டினம், சுமார் 13.4 லட்சம். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு எம்.பி. நாகையில் ஒருவர் போடும் ஓட்டின் மதிப்பு 10 என்றால், நான் போடுவது 6 கூடத் தேறாது. குமாஸ்தா கணக்கு, சரிபார்த்துக்கொள்ளலாம்.

காரணம் எளிது. ஆணையம் 2001 மக்கள்தொகையை வைத்துக் கோடு போட்டது. அப்போது தாம்பரம் நகராட்சியில் 1,37,933 பேர். 2011-ல் 1,74,787. நகராட்சி 2021-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஊர் வளர்ந்தது, கோடு நின்ற இடத்தில் நிற்கிறது.

மாநிலங்களுக்கு இடையிலும் இதே வழக்குதான். 1962-ல் நமக்கு 41 இடங்கள், 1967 முதல் 39. ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள இடங்களின் எண்ணிக்கையை 1971 கணக்கின்படியே நிறுத்திவைத்தது 1976-ல் வந்த 42-ஆவது திருத்தம். 2001-ல் வந்த 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த மாநிலம் அதற்காகவே இடங்களை இழக்கக் கூடாது என்ற நம் பக்கத்து வாதம் நியாயமானது. 39 குறையக் கூடாது.

ஆனால் 39 காப்பாற்றப்பட்டாலும் எங்கள் குறை தீராது. அந்த 39-க்குள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். மேடையில் முதல் விஷயத்தைப் பேச ஆள் உண்டு. இரண்டாவதைப் பேச புறநகர்க்காரர்களைத் தவிர யாரும் வர மாட்டார்கள்.

இதற்கு முறை இருக்கிறது. ஆணையம் முதலில் வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும், பொது விசாரணை நடத்தும். இறுதி ஆணை கெஸட்டில் வந்துவிட்டால் நீதிமன்றம் போய் மாற்றுவது மிக அரிது. ஆகவே, நண்பர்களே, அடுத்த முறை வரைவு வரும்போது நம் குடியிருப்போர் சங்கங்கள் தண்ணீர் லாரிக்கு மனு எழுதுவதுபோல இதற்கும் எழுத வேண்டும். பேப்பரில் வந்ததும் கெடு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவை நானே எழுதித் தருகிறேன், கையெழுத்து வாங்க மட்டும் இளைஞர்கள் யாராவது கூட வாருங்கள்.