தேய்ந்த ரேகை

வயதாக ஆகத் தோல் வறளும், விரல் ரேகை தேயும். முப்பது ஆண்டுகள் தட்டச்சு செய்த என் அப்பாவின் பெருவிரலை வங்கியில் இருந்த கருவி நான்கு முறை ஏற்க மறுத்தது. 'அங்கீகாரம் தோல்வியுற்றது' என்றது திரை. "நான்தான் தோத்துட்டேன்கிறான்" என்றார் அப்பா.

மொழிபெயர்ப்பு என் தொழில். ரேகையைவிட அந்த வாக்கியம்தான் எனக்கு உறுத்தியது. 'ரேகை பதியவில்லை. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வையுங்கள்' என்றிருந்தால் பழி அவர் மீது விழுந்திருக்காது; அடுத்து என்ன செய்வது என்றும் தெரிந்திருக்கும்.

ஓய்வூதியர்கள் உயிரோடிருப்பதற்கான சான்றை டிஜிட்டல் முறையில் தர 2014இல் 'ஜீவன் பிரமாண்' வந்தது. விரல் ரேகை, கருவிழி ஆகியவற்றோடு, செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வசதி 2021இல் சேர்ந்தது. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி: முதியோருக்கான தொழில்நுட்பத்தின் முதல் விதி இதுதான்.

மற்றவை எளியவை. பெரிய எழுத்து, ரகசிய எண்ணைத் தட்டப் போதிய அவகாசம், பேச்சுக்கு நெருக்கமான தமிழ். இவை சலுகைகள் அல்ல. நாற்பதைத் தாண்டியதும் எல்லோருக்குமே கிட்டத்து எழுத்து மங்கத் தொடங்குகிறது. இன்று கருவிகளை வடிவமைக்கும் இளைஞர்கள் தங்களுக்காகவும் சேர்த்துத்தான் வடிவமைக்கிறார்கள்.