தி.நகர் மாடிப்படியில் ஒரு தப்புச் சத்தம்

இந்தப் பதிவுல வயல் இல்ல, மாடு இல்ல. மெஷின் மேளத்தை ஆள் அடிச்ச மேளம் மாதிரி கேக்க வைக்கிறது எப்படி, அதுதான் சங்கதி. விவசாயிக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. கொஞ்சம் பொறுத்துப் படிங்க, எங்க ஊர்த் திருவிழாவுல வந்து நிக்கும்.

சம்பா அறுத்தாச்சு. அறுப்புக்கு முன்னாடியே தெளிச்ச உளுந்து இப்ப பூ விட்டு நிக்குது. டி.ஏ.பி. கரைசலும் ஒரு தடவை அடிச்சாச்சு. மாசியில எங்க பக்கம் பத்து நாள் மூச்சு விட முடியும். அந்தப் பத்து நாள்ல நாலு நாள் மெட்ராஸ் போயிட்டு வந்தேன். அக்கா மகன் தி.நகர்ல இருக்கான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, ராத்திரியில பாட்டு. பங்குனியில வர்ற எங்க மாரியம்மன் திருவிழாவுக்குன்னு அவனே ஒரு பாட்டு கட்டி, வீட்லயே பதிவு பண்ணிக்கிட்டு இருந்தான். "மாமா, நீங்க வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க. இங்க தப்புச் சத்தம் தெரிஞ்சவங்க யாரும் இல்ல"ன்னான். எங்க தஞ்சாவூர்ச் சீமையில பறையைத் தப்புன்னுதான் சொல்லுவோம்.

தி.நகர் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கி ரங்கநாதன் தெரு வழியா வெளிய வர்றதுக்குள்ள ஒரு போகம் விளைஞ்சிடும். ஆனா ஒரு விசயம் எனக்கு ஒவ்வொரு தடவையும் தோணும். 1920-கள்ல ஒரு பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் இந்த ஊரை உண்டாக்கியிருக்காங்க. தவளை கத்துன இடத்துல இப்ப துணிக்கடை மைக் கத்துது.

மாப்ள வீடு ரெண்டாவது மாடி. இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், நடுவுல ஒத்தைச் செவுரு. நிஜ டிரம்ஸை அங்க வச்சு அடிச்சா அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. அதனால எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கியிருக்கான். ரப்பர்லயும் வலையிலயும் பண்ணுன தட்டுங்க. வெளிய நிக்கிறவங்களுக்கு டொக்கு டொக்குன்னு குச்சி படுற சத்தம்தான் கேக்கும். காதுல ஹெட்போனை மாட்டுனா கல்யாண மண்டபமே அதிருது. கால்ல மிதிக்கிற டிரம்மோட அதிர்வு மட்டும் கீழ் வீட்டுக்கு இறங்குதுன்னு புகார் வந்திருக்கு. ரெண்டு பலகைக்கு நடுவுல டென்னிஸ் பந்துங்களை வரிசையா வச்சு, அது மேல எல்லாத்தையும் ஏத்தி வச்சிட்டான். அப்புறம் புகார் இல்ல.

தட்டுக்கு அடியில அதிர்வைப் பிடிக்கிற ஒரு சில்லு இருக்கு. நாம அடிச்சதும் எந்தத் தட்டு, எவ்வளவு பலம்னு கம்ப்யூட்டருக்குச் சேதி போவுது. பலத்துக்கு 1-லேருந்து 127 வரைக்கும் எண். அந்த எண்ணுக்கு ஏத்தபடி ஏற்கெனவே பதிவு பண்ணி வச்சிருக்கிற சத்தத்தை அது எடுத்துக் கொடுக்கும். இவ்வளவுதான் சூத்திரம்.

பாட்டைப் போட்டுக் காட்டிட்டு, "எப்படி மாமா?"ன்னான்.

"சத்தம் நல்லா இருக்கு மாப்ள. ஆனா யாரும் அடிக்கல."

அவனுக்குச் சட்டுன்னு புரியல. நடவை வச்சுச் சொன்னேன். மெஷின் நட்ட வயலையும் ஆள் நட்ட வயலையும் வரப்புல நின்னே சொல்லிடலாம். மெஷின் நட்டது ஒரே இடைவெளி, ஒரே ஆழம். ஆள் நட்டது கயிறு பிடிச்சு நட்டாலும் ஒருத்தர் கை ஆழமாப் போகும், ஒருத்தர் ரெண்டு நாத்து கூட வப்பாங்க. விளைச்சலைப் பத்தி இப்ப பேசல. பார்த்தா ஆள் தெரியும், அதைச் சொன்னேன். உன் பாட்டுல ஆள் தெரியலன்னேன்.

இது இன்னைக்கு நேத்து வந்த சிக்கல் இல்லன்னு மாப்ள சொன்னான். 1980-ல ஜப்பான்காரங்க ரோலண்டு டி.ஆர்.-808-ன்னு ஒரு மெஷின் விட்டாங்களாம். அதுல சத்தம் எல்லாமே மின்சுற்றுல உண்டாக்குனது, நிஜ மேளம் மாதிரி இருக்காது. அதே சமயத்துல அமெரிக்காவுல ரோஜர் லின்ங்கிறவர் நிஜ டிரம்ஸ் அடியைப் பதிவு பண்ணி உள்ள வச்ச எல்.எம்.-1 மெஷினைக் கொண்டாந்திருக்கார். 1982-ல பம்பாய் சரண்ஜித் சிங் அந்த 808-ஐ வச்சே பத்து ராகம் வாசிச்சுத் தட்டு போட்டிருக்கார். அவர் அதை நிஜ மேளமா ஆக்கப் பார்க்கல, மெஷினை மெஷினாவே விட்டுட்டார். நம்ம பக்கம் 1986-ல புன்னகை மன்னனுக்கு இளையராஜா சீக்வென்சர் பயன்படுத்தினார். தி.நகருக்குப் பக்கத்துக் கோடம்பாக்கத்துல ரஹ்மான் வீட்டுக் கொல்லையில ஒரு ஸ்டூடியோ கட்டி, 1992-ல ரோஜா வந்த கதை உங்களுக்கே தெரியும். வீட்ல பாட்டு பண்ற பசங்களுக்கு அந்தக் கொல்லைதான் குலதெய்வம் கோயில்.

சரி, நாங்க என்ன பண்ணோம்?

முதல்ல பலம். திரையில பார்த்தா எல்லா அடியும் ஏறக்குறைய 110-லயே நிக்குது. எந்த மனுசனும் அப்படி அடிக்க மாட்டான். வலக்கை ஓங்கும், இடக்கை ஒரு படி தாழும். பெரிய அடிகளுக்கு நடுவுல விரல் தடவுன மாதிரி சின்னச் சின்ன அடி விழும். தனியாக் கேட்டா அது காதுல விழாது, எடுத்துட்டா மேளம் எலும்பாப் போயிடும். அதையெல்லாம் 20, 30-ன்னு உள்ள வச்சான்.

ரெண்டாவது, ஒரே அடி திரும்பத் திரும்ப வர்றது. வேகமா உருட்டுறப்ப ஒரே பதிவு அச்சு அடிச்ச மாதிரி வந்தா மோட்டார் ஓடுற மாதிரி கேக்குது. ஒரே பலத்துக்கே நாலஞ்சு விதமான பதிவை மாத்தி மாத்தி எடுக்கிற மாதிரி அமைச்சதும் அது போச்சு.

மூணாவது, கை எண்ணிக்கை. ஒரு இடத்துல மூணு சத்தம் ஒரே நேரத்துல விழுந்துச்சு, மூணும் கையால அடிக்கிறது. "எட்டுக் கை அம்மனுக்குத்தான் மாப்ள, அடிக்கிறவனுக்கு ரெண்டுதான்"னேன். சிரிச்சுக்கிட்டே ஒண்ணை அழிச்சான்.

நாலாவதுதான் பெரிய சமாச்சாரம், காலம். கம்ப்யூட்டர்ல எல்லா அடியையும் கோட்டு மேல நிறுத்துற வசதி இருக்கு. அதைப் போட்டா மெஷின் நடவு. எடுத்துட்டு, அடிகளைக் கண்டபடி முன்ன பின்ன நகத்துற இன்னொரு பொத்தானைப் போட்டான். அது இன்னும் மோசம், குடிகாரன் நடக்கிற மாதிரி ஆயிடுச்சு. மனுசன் அடிக்கிறது ஒழுங்கு தப்பி வர்றது கிடையாது. அவன் ஒழுங்கு அவனோட ஒழுங்கு. எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் தப்பு அடிப்பார். ஒவ்வொரு சுத்து முடியிறப்பவும் கடைசி அடியை ஒரு நூல் பின்னால வப்பார். அடுத்த சுத்துல முதல் அடி நெத்தியில அடிச்ச மாதிரி விழும். இருபது வருசமா அதே நூல்தான், கூடல குறையல. அதைப் பொத்தான் கொடுக்காது. மாப்ள ரெண்டையும் எடுத்துட்டு, தட்டுல உக்காந்து கையாலயே முழுப் பாட்டையும் மறுபடி அடிச்சான். ரொம்ப விலகுனதை மட்டும் பாதி தூரம் இழுத்து வச்சான். மிச்சத்தை விட்டுட்டான்.

அஞ்சாவது, இடம். மேளத்துக்குத் தெரு வேணும், செவுரு வேணும். ஹெட்போனுக்குள்ள அடிச்ச சத்தம் எங்கயும் நிக்காம அந்தரத்துல தொங்குது. ராத்திரி பத்தரைக்கு, கடையெல்லாம் மூடுன நேரத்துல, மாடிப்படியில ஒரு ஸ்பீக்கரை வச்சு டிரம்ஸை மட்டும் கொஞ்சமா ஓட விட்டு, ஒரு மாடி மேல மைக்கைக் கட்டிப் பதிவு பண்ணோம். அந்த எதிரொலியை அசலோட அடியில லேசாச் சேத்தான். மேளம் தரையில இறங்கி நின்னுச்சு. நடுவுல மின்சார ரயில் ஒண்ணு போனதும் பதிவாயிருக்கு, கூர்ந்து கேட்டாத்தான் தெரியும்.

அடுத்தது தப்பு. கம்ப்யூட்டர்ல இருந்த தப்பு ரெண்டு கையிலயும் ஒரே குச்சி பிடிச்ச மாதிரி இருந்துச்சு. தப்புக்கு ரெண்டு குச்சி, ரெண்டும் வேற வேற. இடக்கையில நீளமா மெல்லிசா மூங்கில் சிம்பு, வலக்கையில குட்டையா தடிமனா அடிக்குச்சி. ஒண்ணு சட்டுன்னு கிழிக்கும், ஒண்ணு உள்ள இறங்கும். வேப்பங்கட்டையில வளையம் பண்ணி, தோலைப் புளியங்கொட்டைப் பசையில ஒட்டி, அடிக்கிறதுக்கு முன்னாடி வைக்கோல் தீயில காய்ச்சுவாங்க. காய்ஞ்ச தோல் கணீர்னு பேசும். பனி இறங்க இறங்கச் சுருதி தளரும், மறுபடி காய்ச்சணும். இதெல்லாம் சொல்லிட்டு, அக்காகிட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி மூடியை வாங்கி, மெல்லிசா ஒரு மூங்கில் குச்சியால அடிச்சுக் காட்டினேன். டிரம்ஸ் சிவமணி வாளி, தகரம் எல்லாத்தையும் மேடையில வாசிக்கிறாரே, அந்த நினைப்புதான். அந்தச் சட் சத்தத்தைப் பதிவு பண்ணி இடக்கை அடிக்கெல்லாம் அடியில வச்சான். கேட்டதும் அக்கா அடுப்படியிலேருந்து எட்டிப் பார்த்து, "யாருடா தப்பு அடிக்கிறது?"ன்னுச்சு.

அங்கதான் வினை ஆரம்பம். மாப்ள அந்தப் பாட்டை ஊர் வாட்ஸப் குழுவுல போட்டான். எல்லாரும் கை கூப்பினாங்க, பூ போட்டாங்க. திருவிழாக் கமிட்டி ஆள் ஒருத்தர், "இவ்வளவு நல்லா இருக்கே, சாமி புறப்பாட்டுக்கு இதையே ஸ்பீக்கர்ல போட்டுடலாம். தப்பு செட்டுக்குக் கொடுக்கிற 15,000 மிச்சம்"னு எழுதிட்டார்.

அவர் சொல்றதும் புதுசு இல்ல. பூசை நேரத்துல சுவிட்சைப் போட்டா மோட்டார் சுத்தி, குச்சி தானா முரசுல விழுந்து, மணியும் சேர்ந்து ஆடுற மெஷின் எத்தனையோ கோயில்ல இருக்கு. நீங்களும் பார்த்திருப்பீங்க. அதை யாரும் நிஜ மேளம்னு ஏமாறல. எங்க பாட்டு ஏமாத்தும்போல இருக்கு, அதுதான் எனக்கு உறுத்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். தப்பு அடிச்சவங்களை ஊர் எப்படி நடத்துச்சுன்னு எனக்குத் தெரியும். களத்துல ஒரு கட்டு நெல்லைப் போட்டுட்டு, சாவுக்கும் வாழ்வுக்கும் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து அடிக்கணும்னு வச்சிருந்தாங்க. ஒரு கட்டத்துல, இனிமே இழவுக்கு அடிக்க மாட்டோம்னு அவங்க நிறுத்துனாங்க. நியாயம்தான். பிள்ளைங்க திருப்பூர், நர்சிங் படிப்புன்னு போயிட்டாங்க, அதுவும் நியாயம். இப்ப வர்றது ஆறு பேர் செட்டு. கூலி பேசி, சீருடை போட்டு, கலைஞர்னு வர்றாங்க. பறை இசைக்காக அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல பத்மஸ்ரீ கொடுத்திருக்காங்க. மரியாதையும் கூலியும் கொடுத்தாகணும்னு ஆன காலத்துல, ஸ்பீக்கர் போதும்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்?

கமிட்டிக் கூட்டத்துல மரியாதையைப் பத்திப் பேசினா சண்டைதான் வரும். அதனால நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "பாட்டு நாலு நிமிசம். அருள் வந்து ஆடுற பொம்பளைக்கு எத்தனை நிமிசம்?" யாரும் பேசல. சாமி ஆடுறவங்க காலைப் பார்த்துத்தான் தப்புக்காரர் அடியை மாத்துவார். அவங்க தளர்ந்தா இவர் தாழ்த்துவார், மறுபடி ஏறினா ஏத்துவார். ஸ்பீக்கருக்குக் கண்ணு இல்ல. நாலு நிமிசத்துல அது பாட்டுக்கு நின்னுடும், அந்தம்மா தெரு நடுவுல தனியா நிக்கும்.

இந்த வருசம் செட்டு வருதுன்னு முடிவாச்சு. பாட்டு காலையில கோயில் வாசல்ல ஓடும், உங்க போன்லயும் ஓடும். அடுத்த வருசம் இதே பேச்சு திரும்ப வரும்னு எனக்குத் தெரியும்.

மாப்ளகிட்டயும் ஒண்ணு சொன்னேன். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஒவ்வொரு அடியும் எங்கயோ ஒரு மனுசன் கையால அடிச்சதுதான். அந்த ஆள் யாருன்னு உன் பாட்டுல தெரியாது, நம்ம ஊர் ஆளுக்காவது அப்படி ஆக வேண்டாம். திருவிழாவுக்கு வர்றப்ப மைக் கொண்டாந்து, பெரியவர்கிட்ட முறையாக் கேட்டு, பதிவுக்குன்னு தனியாக் கூலி கொடுத்து, அவர் அடியைப் பிடிச்சு வச்சுக்க. பாட்டுல அவர் பேரைப் போடு.

பெரியவரைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அடிக்கலாங்க. நல்ல வைக்கோல் ரெண்டு கட்டு வேணும். மெஷின்ல அறுத்த வைக்கோல் நொறுங்கிக் கிடக்கும், அது பொக்குன்னு எரிஞ்சு அடங்கிடும்"னார்.

கையால அறுத்த வைக்கோல் இப்ப எங்க ஊர்ல யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்.